ஒரே தாளில் இரண்டு தூதுவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைக் கண்டால் கோழி கிளறிய இடம் என்று நினைப்பீர்கள். எழுத்துப் பிழைகளுக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு ஒரு காரணம். திருத்தித் தாருங்கள் என்று யாரையும் கேட்க வெட்கம் என்பது அடுத்த காரணம். (பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் சத்தம் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.) ஆனாலும் இதை நானே எழுத வேண்டும். மற்றவர்கள் சொன்னால் பகிடியாகி விடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்சில் வேலை செய்கிறேன். கயிறு எறிவது, கயிறு பிடிப்பது, வாயை மூடிக்கொண்டு நிற்பது. மூன்றாவது வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

என் தங்கை ரெஜினாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை யூட், தூரத்து நாடொன்றில் கட்டட வேலையில் இருந்தார். (நாட்டின் பெயரை எழுத மாட்டேன். பட்டது போதும்.) மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கலியாண அறிவித்தலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அந்த நாட்டு இராணுவம் ஜனாதிபதியை வீட்டுக்குள் பூட்டிவிட்டு, இனி ஆட்சி எங்களுடையது என்றது. கையோடு ஒரு சட்டமும் போட்டது. வெளிநாட்டு வேலையாள் ஊருக்குப் போவதானால், அவனுடைய ஊரில் இருக்கும் தங்கள் தூதுவர் சீல் வைத்த கடிதம் வேண்டுமாம்.

எந்தத் தூதுவர்? கொழும்பில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். பழைய ஜனாதிபதி அனுப்பியவர், தூதரகக் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்று இருந்தார். இராணுவம் அனுப்பியவர் ஹோட்டலில் அறை எடுத்து, தூதுவர் நான்தான் என்றார். எங்கள் அரசாங்கம் பழையவரையே ஏற்றுக்கொண்டிருந்தது. புதியவரை அங்கீகரிப்பதா என்று யோசித்துக்கொண்டும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அந்த நாட்டுக் கப்பலொன்று எங்கள் துறைமுகத்தில் நின்றது. கப்பல் யார் பக்கம் என்று பார்க்க, காலையில் பழையவரும் பின்னேரம் புதியவரும் வருவதாக லோஞ்சுக்குத் தகவல் வந்தது. ரெஜினா கடிதத்தை ஆங்கிலத்தில் தயார் செய்து என் சேட்டுப் பையில் வைத்தாள்.

“பின்னேரம் வாற ஆளிட்ட மட்டும் சீல் எடுங்கோ அண்ணா. ஆமிக்காரர் அனுப்பின ஆள். விளங்கினதா?”

“ஓம்” என்றேன். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் நான் ஓம்தான்.

பழைய தூதுவர் பருத்த மனிதர். கூட ஒரு தமிழ்க் கிளாக்கர். தூதுவர் மடியில் ஒரு தோல் பை, அதற்குள் சீல். தூதரகத்தில் விட்டுவந்தால் புதியவரின் ஆட்கள் எடுத்துவிடுவார்கள் என்று போகும் இடமெல்லாம் கொண்டு திரிகிறாராம். கப்பலில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பும்போது கிளாக்கர் என் பையிலிருந்த கடிதத்தைக் கண்டு, என்ன அது என்று கேட்டார். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இது மற்றவருக்கு உரியது என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

வாசித்த தூதுவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம் ஒருவர் கையெழுத்துக் கேட்டுப் பல கிழமைகள் ஆகின்றன என்றார் கிளாக்கர். தூதுவர் சீலில் வாயால் ஊதி, தாளின் அடியில் ஓங்கிக் குத்தி, கையெழுத்தும் வைத்து, என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். நான் யாரிடமும் கேட்காமலே பெரிய காரியம் சாதித்தவனாக நின்றேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் மூதூர்ப் பக்கம் போய் வர இந்தப் பக்கத்து ஆமியின் பாஸும் வேண்டும், அந்தப் பக்கத்து இயக்கத்தின் பாஸும் வேண்டும். இரண்டும் வைத்திருந்தவன்தான் வீடு வந்து சேர்ந்தான். யூட் புறப்படும் இடத்தில் புதியவர் செல்லுபடி, வந்து இறங்கும் இடத்தில் பழையவர் செல்லுபடி. இரண்டு சீலும் இருந்தால் யார் மறிப்பது? (இப்படி நான் யோசிப்பது அபூர்வம். யோசித்த நாட்களில் எல்லாம் நட்டம்தான்.)

மத்தியானம் கப்பலைப் பார்த்தால், கப்டன் பழைய கொடியை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு கொடியும் இருந்திருக்கின்றன. ஒன்றை இறக்கித்தான் மற்றதை ஏற்றினார். படிப்பில்லாதவனும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடிய பாடம். நான் லோஞ்சிலிருந்து வாய் பார்த்துச் சிரித்தேன்.

பின்னேரம் புதியவர் வந்தார். தாளின் அடிப்பகுதியைப் பின்னால் மடித்து நீட்டினேன். அவர் ஃபோனில் கதைத்தபடியே புத்தம் புதுச் சீலை மேலே வைத்தார். மறைக்கும் அளவுக்கு மூளை இருந்தது. ஏன் மறைக்கிறேன் என்று கேட்கும் அளவுக்கு இருக்கவில்லை.

கூரியர் கடை பூட்டுவதற்குள் ஓடிப் போய் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ரெஜினா சோறு போட்டுத் தந்தாள்.

“சீல் எடுத்தீங்களா?”

“ரெண்டு பேரிட்டயும் எடுத்தனான்.”

“ஒரே தாளிலயா?”

“ஓம். கெட்டியா இருக்கட்டும் எண்டு.”

அவள் கறிக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். “பாஸ் ரெண்டையும் ஒரே பைக்குள்ள வச்சுப் பிடிபட்ட ஆக்களுக்கு என்ன நடந்தது அண்ணா?”

எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மூதூருக்குப் போகும்போது ஒன்றைச் சேட்டுப் பையிலும் மற்றதைச் செருப்புக்குள்ளும் வைத்துப் போனவன் நான். அந்தப் பாதியை மட்டும் அன்றைக்கு மறந்திருந்தேன்.

யூட்டிடம் வேறு கடிதம் இல்லை. அவரும் அடியை மடித்துத்தான் விமான நிலையத்தில் நீட்டியிருக்கிறார். ஆமிக்காரன் விரித்துப் பார்த்தான். பழைய ஜனாதிபதியின் ஆள் என்று கொண்டுபோய் மறியலில் அடைத்தார்கள்.

இத்தனை நாளும் நின்றுபோயிருந்த மூன்றாவது அறிவித்தலை வாசிப்பதா என்று ஃபாதர் கேட்டனுப்பினார். ரெஜினா வாசிக்கச் சொன்னாள். மாப்பிள்ளை மறியலில் இருக்க, தடை ஏதும் தெரிந்தால் சொல்லும்படி கோயிலில் வாசித்தார்கள். தடை கடைசி வாங்கில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

பதினொரு மாதத்தில் எங்கள் அரசாங்கம் புதியவரை அங்கீகரித்தது. பேப்பரில் படம் வந்தது: கை குலுக்கல், சிரிப்பு, மேசையில் கேக். பழையவர் வேறொரு நாட்டில் வீடு எடுத்துப் போய்விட்டாராம். தூதுவர் சண்டை அத்தோடு முடிந்தது. யூட்டையும் விட்டார்கள்.

கலியாணம் நடந்தது. கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து வைக்க என்னை விடவில்லை. இன்றைக்கும் வீட்டில் ஏதாவது படிவம் வந்தால், மாமாவின் கையில் கொடுக்காதே என்று பிள்ளைகளுக்கு ஒரு குரல் வரும். (மாமா நான்தான்.) யூட்டே இந்தக் கதையை எல்லோரையும் விட நன்றாகச் சொல்லுவார். போன ஞாயிறு தன் கடைசி மகளின் ஞானஸ்நானத்திலும் சொன்னார்.

“மச்சான் எனக்கு ரெண்டு சீல் எடுத்து அனுப்பினார். அவங்கள் சீலுக்கொரு பல்லுக் கழட்டினாங்கள். கணக்குச் சரி.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. யூட் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ரெஜினா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். மறியலில் நடந்ததில் அந்தப் பகிடியைத் தவிர வேறொன்றையும் யூட் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை