மணி அடிக்காத தலைமையுரை

மனிதர் கூடும் அவைகள் பலவகைப்படும். மாநாட்டில் கேட்போர் உண்டு, கேள்வி இராது. கருத்தரங்கில் கேள்வி உண்டு, விடை இராது. கலந்துரையாடலில் எல்லாரும் விடையளிப்பர், கேட்பவர் ஒருவரும் இரார். நான்காம் வகை ஒன்றும் உண்டு: நான் பேசுவேன், வானம் பொழியும். அவ்வகையில் இதுவரை நடந்தது ஒரே கூட்டந்தான்.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில், தாழ்ந்த நிலத்தில் அமைந்தது எங்கள் தெரு. பெருமழை பெய்தால் வடிகால் நிரம்பி, நீர் அழையாத விருந்தினராக வீடுகளுக்குள் வரும். வடிகாலை அகலப்படுத்தித் தருமாறு மாநகராட்சி உறுப்பினர் அம்மையாரை எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பலமுறை வேண்டினார். "ரெண்டு மழைக்கு இத்ர பஹளமா சேச்சி?" என்று, இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்னும் பொருளில், அம்மையார் சிரித்துவிடுவார். அந்தச் செயலாளர் விசாலம், என் மனைவி.

மழைக்காலம் நெருங்கிய வேளையில், எங்கள் தெருவிலேயே உள்ள சங்கக் கூடத்தில் ஆண்டுக் கூட்டத்தைத் தொடங்கிவைக்க உறுப்பினரையே அழைத்தாள். தலைமை ஏற்கவிருந்தவருக்குக் காய்ச்சல். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வீட்டிலேயே சும்மா இருக்கையில் வேறு ஆளைத் தேடுவானேன்?

"ஏன்னா, அஞ்சே நிமிஷம். மணி அடிச்சா நிறுத்திடணும், கேட்டேளா?" என்று பூசை மணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இவ்வூர்க் கூட்டங்களில் ஒரு முறைமை உண்டு. தலைவர் பேசி முடித்த பின்னரே சிறப்பு விருந்தினர் நிலவிளக்கேற்றுவார். ஏற்றாமல் எழுந்து போவது மரியாதையன்று.

நான் கண்களை மூடிக்கொண்டு பேசுபவன். (திறந்தால் கேட்போர் முகம் தெரியும். தெரிந்தால் சொல் வராது.) அவை, மன்றம், கழகம், பேரவை என ஒவ்வொன்றின் இலக்கணத்தையும் விரித்துச் சென்றேன்.

இடையே உறுப்பினரின் குரல் கேட்டது. "சேச்சி, எனக்கு தம்பானூர்ல வேற மீட்டிங் உண்டு. சாரு எப்போ முடிக்கும்?"

"இதோ ஆச்சு மேடம். விளக்கேத்தாம போனா நன்னாருக்குமா? இன்னொரு காப்பி குடியுங்கோ."

மணியோசை எழவில்லை. விசாலமே என் தமிழுக்கு வயப்பட்டுவிட்டாள்! மணமான நாள்முதல் நிகழாத அதிசயம் அது. தகரக் கூரைமேல் பேரொலி எழுந்தது. கரவொலி என்று கொண்டேன். உள்ளங்கால் குளிர்ந்தது. புகழ் உடலில் பரவும் முறை அதுவென எண்ணினேன். மனநிறைவோடு கண் திறந்தேன். அவை முழுவதும் எழுந்து நின்றது, அதுவும் நாற்காலிகளின் மேல்.

கைகூப்பி, "அன்பு கூர்ந்து அமருங்கள்" என்றேன்.

"எங்க ஓய் உக்கார்றது? தண்ணியிலயா?" என்றார் பக்கத்து வீட்டுச் சங்கரன்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கணுக்கால்வரை நீர். சேலையைத் தூக்கிப் பிடித்து நாற்காலிமேல் நின்றிருந்தார் உறுப்பினர். கையில் காப்பிக் குவளை. அவருடைய செருப்பொன்று வாசலை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. விசாலம் மட்டும் நீரில் இறங்கி நின்று, எந்தப் பதற்றமுமின்றிச் சொன்னாள்: "மேடம், மனு எழுதிக் கொண்டுவந்திருக்கேன். படிக்கட்டுமா?"

அம்மையார் செருப்பைப் பார்த்தார். "வேண்டா சேச்சி. ஞான் கண்டல்லோ."

அடுத்த மழைக்காலத்துக்குள் வடிகால் அகன்றது.

கூட்டம் நடந்த அன்று மாலை வேட்டியைப் பிழிந்தபடி கேட்டேன்: "மணியை மறந்துட்டியா?"

"மறக்கறதாவது! நீங்க வாயைத் திறக்கறச்சயே வானம் இருட்டிண்டு வந்தது. மழை வந்து தண்ணி ஏறற வரைக்கும் மேடத்தை உக்காத்தி வைக்கணுமே. உங்களை விட்டா அதுக்கு ஆள் ஏது?"

எத்தனையோ மாநாடுகளில் பொன்னாடை பெற்றிருக்கிறேன். என் பேச்சின் நீளத்தை இத்துணைத் துல்லியமாக மதிப்பிட்டவர் வேறொருவர் இலர். ஒரு மணியை அடிக்காமலே அவையை ஆண்டவரையும் நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த மணி இன்று எங்கள் உணவு மேசைமேல் இருக்கிறது. நான் பேசத் தொடங்கிச் சற்று நேரமாகியும் விசாலம் அதைத் தொடாவிட்டால், என் மகள் சன்னல் வழியே வானத்தை எட்டிப் பார்த்துக் கூவுவாள்: "அம்மா மணி அடிக்கலை! மாடியில துணி காயறது, யாராவது ஓடுங்கோ!"