சிவப்பு வளையத்துக்கு மட்டும் குளியல்

லெட்வில், கொலராடோ
மே 27

மரியாதைக்குரிய மச்சான் வெர்லின் ஃபோன்டனோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை நதீனின் கணவன் ஆர்வில் டாக்கெட், மிகுந்த மரியாதையோடும் கொஞ்சம் மூச்சிரைப்போடும் எழுதுவது. மூச்சிரைப்புக்குக் காரணம் இந்த ஊரின் பத்தாயிரம் அடி உயரம்தான், கோபம் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்காவும் உங்கள் வலது முழங்காலும் உங்கள் புகையடுப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஜூன் பதினான்காம் தேதி நம் பெண் கொரின் கல்யாணத்துக்கு, அந்தப் புகையடுப்பை வண்டியின் பின்னால் கட்டி, டெக்சாஸின் போமாண்டிலிருந்து இரண்டு நாள் இழுத்துக்கொண்டு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் மச்சான். கையை வீசிக்கொண்டு வாருங்கள், நாற்காலியில் உட்காருங்கள், சாப்பிடுங்கள். தொண்ணூறு பேருக்கும் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைத்து நான்தான் போடுகிறேன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். மலைக்காரர்கள், இதுவரை மான்கறியைத் தவிர எதையும் மதிக்காதவர்கள். பெண்ணின் தகப்பன் டெக்சாஸ்காரன் என்பதை அன்று அவர்கள் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இதில் பக்கத்தில் இன்னொரு ஆள் இன்னொரு அடுப்போடு நின்றால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

நான் ஓய்வு பெற்று இந்த மலையூருக்குக் குடிவந்தபோது நீங்கள் கொடுத்த தெர்மாமீட்டர் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இறைச்சிக்குள் குத்துகிற ஆறு கம்பிகள், ஒவ்வொன்றின் வாலிலும் சூடு காட்டும் கருவிக்குப் போகிற ஒரு மின்வடம், ஆறு நிற வளையங்கள், அருமையான பொருள். உள்ளே நீங்கள் மடித்து வைத்த கடிதத்தை நான் பிரிக்கவில்லை, அதற்கு அவசியமும் படவில்லை. முப்பத்தோரு வருஷம் எண்ணெய் ஆலையில் அளவுமானி பார்த்தவனுக்கு ஒரு கறிக்கம்பியைப் பற்றி யாரும் கடிதம் எழுத வேண்டியதில்லை, பாருங்கள். முதல் நாளே அடுப்பு மூடி வடத்தை நசுக்கப் பார்த்தது. உடனே பக்கவாட்டு ஓட்டை வழியாக வடத்தை எடுத்தேன். அப்படி எடுத்தால் அது நெருப்புக்கு நேர் மேலே போனது, அதனால் சுற்றி வளைத்துக் கொண்டுவந்தேன். வளைத்ததில் மிஞ்சிய நீளம் தரையில் கிடக்க, கொழுப்பு வாசனைக்கு நாய் வந்து நக்கியது, அதனால் வடத்தை உயரத் தூக்கிக் கட்டினேன். கட்டினதில் நதீன் தடுக்கி விழப்போனாள். அவள் விழவில்லை, வடத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. புகையின் சூட்டைப் பார்க்கிற கம்பி தட்டின் இரும்பில் படாமல் இருக்க, அரை உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்தினேன். இதெல்லாம் ஒருவர் சொல்லித் தந்து வருவதா?

ஆறில் எனக்குப் பிரியமானது சிவப்பு வளையம். இறைச்சிக்குள் ஆழமாக இறங்குவது எப்போதும் அதுதான். ஆகவே சமையல் முடிந்ததும் அதற்கு மட்டும் ராஜ உபசாரம். சோப்புத் தண்ணீரில் வடத்தோடு சேர்த்து அரை மணி ஊற வைத்து, குழாயடியில் காட்டி, பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுவேன். மற்ற ஐந்தும் கரி படிந்துபோய் அப்படியே கிடக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பன்றித் தோள்கறி போட்டேன். ஒரே கறியில் சிவப்பையும் நீலத்தையும் குத்தினால், சிவப்பு சொல்வதைவிட நீலம் பதினெட்டு டிகிரி குறைத்துச் சொல்கிறது. மஞ்சளைக் குத்தினேன், அது நீலத்தின் கட்சி. பச்சை, வெள்ளை, கறுப்பு எல்லாம் நீலத்தின் கட்சி. நதீன் எட்டிப் பார்த்துவிட்டு, “அஞ்சு பேரு ஒண்ணைச் சொல்றாங்க, ஒருத்தரு மட்டும் வேற சொல்றாரு. நம்ம வீட்டுல அந்த ஒருத்தரு யாருன்னு எனக்குத் தெரியும்” என்றாள். உங்கள் குடும்பத்து வாய். ஆலையில் இதற்கெல்லாம் முறை உண்டு. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறையும் ஒன்றாக இறக்கினேன். கொதிக்கிற தண்ணீர் ஃபாரன்ஹீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி, இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். சிவப்பு சரியாக இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. மற்ற ஐந்தும் வெட்கமில்லாமல் நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றன. குளிப்பாட்டி வளர்த்தது சத்தியம் பேசுகிறது, அழுக்கில் கிடந்ததுகள் பொய் பேசுகின்றன. அந்த ஐந்தையும் மாப்பிள்ளையின் அப்பா ராய்ஸ் பெக்வித்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். அவர் தாழ்வாரத்தில் பட்டாணி விதைக்க வைத்திருக்கும் தொட்டியில், கொடி படரக் குச்சியாக நட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பெக்வித் குடும்பத்தையே சாப்பிட அழைத்திருந்தேன். விடியற்காலை அடுப்பில் ஏற்றிய நெஞ்சுக்கறி, சிவப்பின் கணக்குப்படி, கறி பஞ்சாகிற இருநூற்று மூன்று டிகிரிக்குப் பத்தே மணி நேரத்தில் வந்துவிட்டது. உங்களுக்குப் பதினான்கு மணி நேரம் ஆகும், நினைவிருக்கிறதா? மலைக்காற்றுக்கு ஒரு வேகம் உண்டு போல. பரிமாறியதும் மேஜையில் பேச்சே நின்றுவிட்டது, மச்சான். இருபது நிமிஷம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தாடைகள் மட்டும் வேலை செய்தன. அதில் ஒரு பங்கு நதீனின் பீன்ஸால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டு அடுப்பு சரியில்லை, மூன்று மணி நேரம் கொதித்தும் பீன்ஸ் வேகாமல் கூழாங்கல்லாகவே இருக்கிறது. கடைசியில் ராய்ஸ்தான் வாயைத் திறந்தார். “உங்க ஊருல கத்தியெல்லாம் நல்ல கூரா செய்வாங்க போல, சம்பந்தி” என்றார். நம் ஊர்க் கத்திக்கு மலைவாசி தந்த பாராட்டு இது. மாப்பிள்ளை டேட் தன் பங்கில் பாதியை நாய்க்குக் கொடுத்தான், நல்ல மனசுக்காரன். நாயும் அதை அவசரப்பட்டுத் தின்னாமல், தோட்டத்தில் குழி தோண்டிப் பத்திரப்படுத்தியது.

அவர்கள் போன பிறகு கொரின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, வெர்லின் மாமாவையும் அடுப்போட வரச் சொல்லலாமாப்பா?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. தாய்மாமன் மேல் அவளுக்கு அத்தனை பாசம். மாமா வருவார், அடுப்பு வராது என்று தலையைத் தடவிச் சொன்னேன்.

எனவே கவலை வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும், உங்கள் விறகு எப்போதும் காய்ந்தே இருக்கட்டும், உங்கள் நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கட்டும்.

மாறாத அன்புடன்,
ஆர்வில்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ராய்ஸின் மனைவி யூனிஸ் ஒரு பாத்திரம் வெந்த பீன்ஸோடு வந்தார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகச் சமையல் செய்கிறவர். எங்கள் அடுப்பில் குறையில்லை என்றார். “இந்த உயரத்துல தண்ணி நூத்தித் தொண்ணூத்தி நாலுலயே கொதிச்சுடும், சம்பந்தி. என்னதான் எரிச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. பீன்ஸை பிரஷர் குக்கர்லதான் போடணும்.” அப்படியானால் சத்தியம் பேசியது அந்த ஐந்து பேர், பொய் பேசியது என் சிவப்பு; ஞாயிற்றுக்கிழமைக் கறி பதினெட்டு டிகிரி குறைவாகவே வெந்து மேஜைக்கு வந்திருக்கிறது. நதீன் என்னைப் பார்த்தாள். பிறகு பீன்ஸ் பாத்திரத்தை வாங்கி எனக்கு முன்னால் வைத்தாள். நல்லவேளையாக யூனிஸ் அந்தப் பட்டாணித் தொட்டியில் இன்னும் விதைக்கவுமில்லை, தண்ணீர் ஊற்றவுமில்லை. ஐந்து பேரையும் மண்ணிலிருந்து பிடுங்கி, கம்பியைத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். கல்யாணத்தன்று என் அடுப்பில் அவர்கள்தான் நிற்பார்கள். ஆனாலும் என் பெண்ணின் முகம் கண்ணிலேயே நிற்கிறது. மறுபடி ஒருமுறை அவள் விருந்தாளிகளை அப்படி மெல்லவிட மாட்டேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, உங்கள் அடுப்பை இழுத்துக்கொண்டு வாருங்கள், மச்சான். யாராவது கேட்டால், நான்தான் முதலிலேயே கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள். கொரினிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் இருந்த உங்கள் கடிதத்தையும் இன்று பிரித்துப் படித்தேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது: “கம்பியை ஈரத்துணியால துடைச்சா போதும், வடத்துல மட்டும் தண்ணி படவிடாதே, பட்டா அது நீ கேக்க விரும்புறதையே சொல்லும்.”