அரைமணி மாஸ்டரின் முக்காலி

உலகத்திலேயே தன் சமையலைத் தானே நம்பாத ஒரே சமையல்காரர் எங்கள் அரைமணி மாஸ்டர்தான். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலையின் கேன்டீனில் அவர் கரண்டி பிடித்தார். நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவதே என் பிழைப்பு. அதனால் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். இருநூறு பேர் தட்டோடு வந்து நிற்போம். மாஸ்டர் எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தானே முதலில் சாப்பிடுவார். பிறகு வாசலில் முக்காலியைப் போட்டு, வாட்சைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அரை மணி கழித்து அவர் எழுந்தால்தான் எங்களுக்குச் சோறு. முன்கூட்டியே சமைக்கக் கூடாதா என்றால், காய்கறி வருவதே காலை பாசஞ்சரில். அது என்றைக்கு நேரத்துக்கு வந்தது?

"மாஸ்டரு உசுரோட கீறாரா, பாருடா!" என்று வரிசையின் கடைசியிலிருந்து குரல் வரும்.

"இன்னும் பத்து நிமிசம் தாங்குவேன் நைனா, குந்து" என்பார் இவர்.

மொச்சை வெந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவார். மரவள்ளிக்கிழங்கை மூடி போடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டுவார். சத்தெல்லாம் போகிறதே என்று கேட்டால், "சத்தும் பூடும், சனியனும் பூடும்" என்று பதில் வரும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கை மூட்டையோடு திருப்பி அனுப்புவார். சுரைக்காய் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் பச்சையாக மென்று பார்ப்பார். ஒருநாள் நாலு காய் தொடர்ந்து கசந்தது. அன்றைக்கு வெறும் ரசம்தான்.

ஒருமுறை துவரம்பருப்பில் கோணல்மாணலாக ஏதோ கலந்திருந்தது. கேசரிப் பருப்பு, கால் விளங்காமல் போய்விடும் என்று முழு மூட்டையையும் தரையில் கொட்டி, ஷிப்டு முடிந்தவர்களையெல்லாம் பொறுக்க உட்கார வைத்துவிட்டார். எங்கள் லேபில் இருந்த நண்பரிடம் விசாரித்தேன். மாதக் கணக்கில் தின்றால்தான் அது காலைப் பிடிக்கும் என்றார். எனக்கு ஒரே குஷி. நேராகப் போய் மாஸ்டரை மடக்கினேன்.

"மாஸ்டர், அந்தப் பருப்பு அரை மணியில ஒண்ணும் காட்டாதாமே! அப்புறம் எதுக்கு இந்த முக்காலி?"

அவர் கோபப்படவில்லை. பருப்பைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அரிசி கெடைக்காத வருசம் நைனா. அம்மா கூலிக்குப் பூட்டாங்கோ. அடுப்புல மரவள்ளி வெந்துக்கினு இருந்திச்சு. தங்கச்சி பசின்னு அயுதா. அரை மணி பொறும்மான்னேன், பொறுக்கல. அரைவேக்காட்டுல எடுத்துக் குடுத்துட்டேன். அது கசப்புக் கெயங்கு. சாயங்காலம் அவ இல்ல." ஒரு கேசரிப் பருப்பை எடுத்து ஓரமாகப் போட்டார். "இந்த அரை மணி வெசத்துக்கு இல்ல நைனா. எனக்கு."

நானும் குனிந்து இரண்டு பருப்பைப் பொறுக்கிப் போட்டேன். ஆனால் முந்தின வாரமே நான் வினையை முடித்திருந்தேன். கேன்டீன் தாமதத்தையெல்லாம் சிவப்பு மையில் கோடிட்டு, புதிதாக வந்த மேனேஜர் மேஜைக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் அவர் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து சரியா பன்னிரண்டுக்குப் பரிமாறணும். முக்காலியைப் பார்த்தேன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம்."

மாஸ்டருக்குக் கல்யாணமாகாத மூன்று பெண்கள். "சரிங்க சார்" என்றார்.

அடுத்த நாள் மொச்சைக் குழம்பு. பன்னிரண்டு அடித்ததும் சோறு விழுந்தது. பன்னிரண்டரைக்கு எல்லோரும் மெஷினுக்குத் திரும்பியிருந்தார்கள். அப்போது மாஸ்டர் துண்டில் கை துடைத்தபடி ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"வயிறு எப்டி கீது? தல சுத்துதா? கண்ணக் காட்டு."

ஒருவரையும் விடவில்லை. அவர் கேட்ட கேள்வியிலேயே இரண்டு பேருக்கு நிஜமாகத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணிக்குள் மொத்த ஷெட்டும் நின்றது. கடைசியாக மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், நீங்களும் துன்னீங்களே. நாக்க நீட்டுங்கோ."

மறுநாள் பன்னிரண்டுக்கு மேனேஜரே முக்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டார். "உட்காருங்க மாஸ்டர். தயவுசெஞ்சு எழுந்து ஷெட்டுக்கு மட்டும் வராதீங்க."

மாஸ்டர் ஓய்வு பெற்ற அன்று விருந்துச் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. மாலையும் கழுத்துமாக அவரை நடுவில் உட்கார வைத்தோம். இலை நிறையப் பரிமாறியாயிற்று. ஆனால் மேனேஜர் உட்பட ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. கொண்டுவந்த சமையல்காரர் பதறிப்போனார். "இன்னா சார், உப்பு பத்தலையா?"

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். நான் ஓடிப்போய் முக்காலியை எடுத்து வந்து போட்டேன். உட்கார்ந்து வாட்சைக் கழற்றினார்.

"ஆறிப்பூடும் நைனா, துன்னுங்கோ" என்றார்.

"பரவாயில்ல மாஸ்டர். நாங்க பொறுக்கிறோம்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இருநூறு பேரும் காத்திருந்தோம். அந்த அரை மணியை நான் தாமதம் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.