கோட்டை வாசலில் ஒரு வாட்ச்மேன்

மனைவியின் கணினி விளையாட்டுக் கணக்கில் வாட்ச்மேன் தவறான பொத்தானை அமுக்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

பயிற்சிக்காக வெளியூர் போனவள், தினமும் ஒருமுறை கணக்கைத் திறந்து மூடினால் போதும், வேறெதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இவராக எதையும் தொடவில்லை. திறந்ததுமே அறுபதாவது நிலை வந்துவிட்டது. ஆறு சிறப்புத் தொழில்களில் ஒன்றைத் தேர்ந்தெடு, முப்பது நொடிதான் என்றது திரை. தீ மந்திரவாதி, நிழல் வில்லாளி, நாக வைத்தியர் என்று ஓடிய பட்டியலில் இவருக்குப் புரிந்த வேலை ஒன்றுதான் இருந்தது. வாயில் காப்போன். மருந்துத் தொழிற்சாலை கேட்டில் பத்தொன்பது வருடமாக நிற்பவர்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. அவள் தீ மந்திரவாதியாக இறங்க வேண்டும். நான்கு வருட உழைப்பு. அவள் ஆடும்போது கையிலுள்ள டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பின்னால் நின்று பார்ப்பார். அப்படியொரு வேகம் அந்த விரல்களுக்கு.

அணித்தலைவனை எல்லோரும் நரி என்பார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவனிடம் நடந்ததைச் சொன்னார். வழியிருக்கிறது என்றான். கோட்டை வாசலில் ஒரு சோதனை உண்டு. மூன்று பேர் வருவார்கள். ஒருவரை உள்ளே விட்டாலும் தோல்வி. வேறு தொழில் எடுக்கலாம். மூவரையும் தடுத்தால் இதுவே நிரந்தரம்.

"தோக்கணும், அவ்வளவுதாண்ணா. அது ஒரு கஷ்டமா?"

திரையில் கோட்டை வாசல் வந்தது. முதலில் ஒருவன் அரசனின் ஓலையோடு வந்தான். விடத்தான் நினைத்தார். ஓலையில் முந்தின நாள் தேதி. திருப்பி அனுப்பினார்.

"என்னண்ணா பண்றீங்க?"

"தேதி தாண்டிடுச்சேப்பா."

அடுத்தவன் காயம்பட்ட வீரன். தளபதியைப் பார்க்க வேண்டுமாம். தளபதி பேர் என்ன என்று கேட்டார். தெரியவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே விடவில்லை.

மூன்றாவதாக அணியிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. நரியே வந்தான்.

"அண்ணா, நான்தான். அக்காவை நெனச்சுக் கண்ணை மூடிட்டு விடுங்க."

கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கண் தானாகத் திறந்துகொண்டது.

"அதெல்லாம் சரி தம்பி. பையில என்ன?"

நரி பையைத் திறக்கவில்லை. இவர் கேட்டைத் திறக்கவில்லை. நிரந்தரம் என்று பொன் எழுத்தில் மின்னியது திரை.

மறுநாள் மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லித் தலைகுனிந்து நின்றார். அவள் கணினி முன் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டாள். நரியின் குரல் வந்தது.

"அக்கா, நான் அவ்வளவு கெஞ்சியும் மனுஷன் அசையல, அவர் தொறந்த அந்தக் கணக்கை அவருக்காகவே தனியா ஆரம்பிச்சு அறுபது வரைக்கும் ஏத்தி வச்சீங்களே, வீண் போகல, ஞாயித்துக்கிழமை நீங்க உங்க கணக்குல வாங்க, வாசலுக்கு அண்ணன் இருக்காரு."