மோடமும் மெக்கரோ வீட்டுக் காளையும்

ஓட்டாரெவா சாலை,
சவுத்லாந்து, நியூசிலாந்து.
1999 மார்ச், புதன்கிழமை.

மாவட்டச் செய்தித்தாள் ஆசிரியர் திரு. டல்லக் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி நோயலினும் நலம். அவளுடைய டாலியாச் செடிகள் நலமில்லை. காரணம் கீழே.

இனிமேல் செய்திகள் மின்னஞ்சலில் மட்டுமே வர வேண்டும் என்ற தங்கள் உத்தரவு தபாலில் கிடைத்தது. விவசாயக் கண்காட்சி முடிவுகள் வியாழன் மதியத்துக்குள் அப்படி வராவிட்டால், என் பத்தியை ஓர்மா பெட்டிகுரூவிடம் கொடுத்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கொட்டகை தீப்பிடித்து எரிந்தாலும் "வந்தவர்கள் அனைவரும் மகிழ்ந்தனர்" என்று எழுதக்கூடிய அம்மையார் அவர். அதனால் கணினியைப் போன் கம்பியோடு இணைக்க ஏலத்தில் ஒரு பழைய மோடம் வாங்கினேன். சாம்பல் நிறப் பெட்டி. கையேடு இல்லை. செய்தவர் பெயரும் இல்லை. அவருக்கே வெட்கம் போலும். அடியில் வரிசையாகப் பொடி சுவிட்சுகள், எது எதற்கென்று ஓர் எழுத்து கிடையாது. ஒன்றைத் தள்ளினேன், செத்த மாதிரி கிடந்தது. அடுத்ததைத் தள்ளினேன், வருகிற போனையெல்லாம் தானே எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டது. நோயலினின் தங்கை கூப்பிட்டபோது, ஊதலை விழுங்கிய பூனை மாதிரி அவள் காதில் கத்தியிருக்கிறது. உடனே காரை எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு சீஸ் ரோலோடு வாசலில் வந்து நின்றாள். "அக்காவுக்கு வாய் கோணிப்போச்சோன்னு பயந்துட்டேன் அத்தான்!"

இன்னொரு சுவிட்சைத் தள்ளியதும் மோடம் எண்ணைச் சுழற்றியது, கீச்சிட்டது, மறுமுனையும் கீச்சிட்டது, இரண்டும் கொஞ்ச நேரம் கொஞ்சிக்கொண்டன, அப்புறம் உறவு முறிந்தது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. போனைக் காதில் வைத்தால் டிக்... டிக்... மாடு வளர்ப்பவன் எவனுக்கும் தெரியும், அது மின்வேலியின் சத்தம்; போன் கம்பிக்குள் புகுந்து இணைப்பை அறுக்கிறது. பக்கத்துப் பண்ணை ஐவன் மெக்கரோவின் வேலி எங்கள் போன் கம்பியை ஒட்டித்தான் ஓடுகிறது. நேரே போய்க் கேட்டேன்.

"ஐவன், வேலியைக் கொஞ்சம் அணைச்சு வையேன். பேப்பருக்குச் சேதி அனுப்பணும்."

"அணைச்சா என் காளை கர்னல் வெளிய வந்துடுவான்யா. கரண்ட் இருக்கான்னு தினம் மூக்கால தொட்டுப் பாக்குறான். உன்னைவிட ஒழுங்கா வேலைக்கு வர்றவன்."

"பத்து நிமிஷம்தான்."

"டாலியா போச்சுன்னா என்கிட்ட வந்து அழாதே."

அணைத்துவிட்டதாகக் கையசைத்தார். வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். டிக்... டிக்... பச்சைப் பொய்! மறுபடி டயல் செய்துகொண்டிருந்தபோது நோயலின் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஜன்னல்ல மாடு தெரியுது."

"இரு, இப்பதான் கீச்சிடுது."

கர்னல் டாலியாக்களை மேய்ந்தான். கோழிக்கூண்டைச் சுற்றி நான் போட்டிருக்கும் கம்பியை மூக்கால் தொட்டான், துள்ளிப் பின்வாங்கினான், மிச்சமிருந்த டாலியாக்கள் மேல் உட்கார்ந்தான்.

வேலி அணைந்திருந்ததால்தானே காளை வந்தது என்று தாங்கள் கேட்கலாம். இரண்டு தகவல்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதிவிட்டுப் பழியைப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் போடுவதே நம் தொழில் மரபு.

ஆகவே கண்காட்சி முடிவுகளை இத்துடன் தபாலில் இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதான் வந்து சேரும். அதைத் தாமதமாகக் கருதாமல் என் பத்தியைக் காப்பாற்றுங்கள். மெக்கரோ ஒரு பொய்யர் என்பதை வாசகர் கடிதப் பகுதியில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கிளாரன்ஸ் டன்பார்

பி.கு.: இன்று வியாழன் காலை, முட்டை எடுக்கப் போன நோயலின் கோழிக்கூண்டுக் கம்பியின் மின்சாரத்தை அணைத்தாள். போனில் டிக் நின்றது. "ஏங்க, அது நீங்க போட்ட வேலிதானே?" என்றாள். கேள்வி மாதிரித் தெரியவில்லை. தேநீர் ஆறுவதற்குள் முடிவுகள் முழுவதும் மோடத்தில் போய்விட்டன. தபாலுக்கென்று தட்டச்சு செய்த இந்தக் கடிதமும் அதே வழியில்தான் வருகிறது. மெக்கரோவைப் பற்றி எதுவும் போட வேண்டாம். பாவம், காளை செய்ததற்கு வெட்கப்பட்டு விடிந்ததிலிருந்து எங்கள் தோட்டத்தில் பாத்தி வெட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையை அவரிடம் சொல்லத்தான் போகிறேன். வாசல் கேட்டும் கொஞ்சம் தொங்குகிறது, அதையும் முடிக்கட்டும்.