கூழ்வத்தல் பாயில் இறங்கிய ராக்கெட்

திருவனந்தபுரம்
1953, கும்ப மாசம்

சகல பாக்கியமும் பெற்று, கல்யாணம் ஒன்று மட்டும் பெறாமல் நாகர்கோவிலில் விளங்கும் என் மருமகன் சிரஞ்சீவி தாணுமாலயனுக்கு, ஸ்ரீவராகம் திரவியம் மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் அம்மையின் முட்டுவலியும் அங்கே சௌக்கியமாக இருக்கும்.

நான் சொல்லப்போவதை யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிகொண்ட பத்மநாபனே எழுந்து உட்கார்ந்து கேட்டாலும், "திரவியம், கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பான். ஆனாலும் சத்தியம்.

போன ஆறாட்டுத் திருவிழாவில் நீ பார்த்துவிட்டுச் சோறு மறந்தாயே வடிவாம்பாள், அவளைப் பெண் கேட்க அவள் அப்பா கோமதிநாயகம் பிள்ளை வீட்டுக்குப் போனேன். பட்டாளத்துக்குச் சாமான் வாங்குகிற ஆபீசில் ஹெட்கிளார்க்கு அல்லவா, வெண்டைக்காய்க்கும் மூணு கொட்டேஷன் கேட்கிற மனுஷர். திருநெல்வேலி மாப்பிள்ளை ஒருத்தனின் ஜாதகம் வேறே ஊஞ்சலில் கிடக்கு. நான் வாயைத் திறக்குமுன்னே, "வேய் திரவியம், கல்யாணப் பேச்சு இப்பம் எடுக்காதியும். ஜெர்மன்காரன் லண்டன் மேலே விட்டானே, அதைவிட தூரம் போற ராக்கெட் குண்டு வேணுமாம் பட்டாளத்துக்கு. குறி வச்ச இடத்திலே இம்மி பிசகாம இறங்கணுமாம். அது கிடைக்காம எனக்கு உறக்கமில்லே" என்றார்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி? நான் தாறேன்."

"தாரும். ஆனா சோதனைக்குப் பெறவு மாதிரியைச் சேதமில்லாம திருப்பிக் கொண்டாரணும். ஆபீஸ் சட்டம்."

"வெடிச்ச குண்டை எப்படித் திருப்புறது?"

"அது உம்ம பாடு."

பார்த்தேன். திரும்பி வருகிற குண்டாகவே செய்துவிட்டேன். சங்குமுகத்துக் கடற்கரை மணலில் பத்துப் பனை உயரத்துக்கு நிறுத்தித் திரியைக் கொளுத்தினால், சத்தமே இல்லை கேட்டியா, உறக்கத்தில் பெருமூச்சு விட்டாற்போல எழும்பிற்று. வெயிலில் மிதந்து மிதந்து போய், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தலை தாழ்த்தி, சிதறின தேங்காயில் ஒரு சில்லு பொறுக்கிக்கொண்டு, கல்லாற்றில் மூக்கு நனைத்து, பொன்முடி மேகத்துக்குள்ளே மறைந்தது. கோர்ட்டில் ஜட்ஜி தீர்ப்பைப் பாதியில் விட்டு அண்ணாந்து நின்றார். பிரதிவாதி அவருக்குக் குடை பிடித்தான். பிறகு மேகத்தைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு அது திரும்பி வந்து, பிள்ளைவாள் வீட்டுப் பின்முற்றத்தில் காய்ந்த கூழ்வத்தல் பாயில் இறங்கிற்று. ஒரு வத்தல் நசுங்கவில்லை! காக்கா விரட்டிக்கொண்டிருந்த வடிவாம்பாள் கம்பால் அதன் கதவைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, முகம் வாடி, "மாமா, இவ்வளவு தூரம் சுத்தியிருக்கே, நாகர்கோவில் வழியா வரப்படாதா?" என்றாள்.

பிள்ளைவாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சாமான் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே கொட்டேஷன். மூணு இல்லாம எடுக்கப் பற்றாது வேய்." ராக்கெட் கோபித்துக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டது.

உன் அம்மைக்கு என் அன்பு. முட்டுக்குத் தைலம் அதே ராக்கெட்டில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ராக்கெட் சக்கரவர்த்தி
திரவியம் மாமன்

பி.கு: ராக்கெட்டும் இல்லை, தைலமும் இல்லை. பிள்ளைவாள் ஆபீசில் பட்டாளத்துக்கு வாங்குவது சட்டைப் பித்தான். நான் போனபோது மனுஷர் உறக்கம். மோர் குடித்துவிட்டு, உன் பேச்சையே எடுக்காமல், அவர் ஊஞ்சலில் நானும் உறங்கிவிட்டேன். எழுந்து வருகையில் முற்றத்தில் வத்தலுக்குக் காவல் நின்ற வடிவாம்பாள், காக்காயைப் பார்த்துக்கொண்டே, "நாகர்கோவில்லேருந்து யாரும் வரலியா மாமா?" என்று கேட்டாள். அது மட்டும் நிஜம். வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்காரன் பெண் பார்க்க வாறான். நீ வியாழனே பஸ் ஏறு.