இந்த வாரமும் வசை இல்லை

“அந்த ஆளோட மண்டைக்குள்ள மூளை இல்ல. ஊறப்போட்ட அட்டைதான் இருக்கு. சொல்லு,” என்றார் பொறியாளர், ரஷ்ய மொழியில்.

திங்கட்கிழமைக் கூட்டம். காகித மில்லின் மாடி அறையில் இருந்த எல்லாரும் துபாஷியைத்தான் பார்த்தார்கள். ரஷ்ய மொழி பேசும் பொறியாளருக்கும் ஆங்கிலம் பேசும் மேலாளருக்கும் நடுவில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாகப் பேச்சை மொழிபெயர்ப்பவர் அவர். மில்லில் எல்லாருக்கும் அவர் துபாஷி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

துபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டு மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்க யோசனையெல்லாம் நல்லா ஊறிப் பக்குவமா இருக்குன்னு சார் சொல்றார்.”

மேலாளரின் முகம் வாடியது. பாராட்டைக் கேட்டு முகம் வாடுகிற மனிதரை வேறெங்கே பார்க்க முடியும்!

“அவர் மெஷின்ல இருக்கிற துருவுக்கெல்லாம் அவர்தான் அப்பன்னு சொல்லுங்க,” என்றார் மேலாளர். “ஒரு வார்த்தை விடாம சொல்லணும்.”

துபாஷி ரஷ்ய மொழிக்கு மாறினார். “உங்க அனுபவத்துக்கு முன்னாடி இரும்பே தலை வணங்கும்கிறார்.”

பொறியாளர் பெருமூச்சு விட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பிருந்த துபாஷி ஒரு சொல்லை உள்ளபடியே மொழிபெயர்க்கப்போய், மேஜைமேல் இருந்த மசிப்புட்டி பறந்து, யாருக்கோ முன்பல் போயிற்று. அன்றிலிருந்து வசைப் பதிவேடு. யார் யாரைத் திட்டினார், அதன் மொழிபெயர்ப்பு என்ன, கடுமை ஒன்றா ஐந்தா என்று வெள்ளிக்கிழமைதோறும் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். துபாஷி பதினெட்டு வருஷமும் ஒரே வரியைத்தான் எழுதினார்: ‘இந்த வாரமும் வசை இல்லை.’ அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போது தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் பழைய பதிவேட்டுக் கட்டுகளையெல்லாம் தூசி தட்டியிருக்கிறார். துபாஷி என்று ஒரு வேலை தேவைதானா என்று பார்த்து முடிவு செய்ய, வியாழக்கிழமை ஓர் அதிகாரி வருகிறாராம். கடிதத்தைப் படித்ததிலிருந்து துபாஷிக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் மில் கொடுத்த வீடு போகும். வாரம் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து மனைவியைப் பார்க்கிற மில் டாக்டரும் போய்விடுவார். அவளுக்கு நுரையீரல் பாதிக்கு மேல் பழுது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

“இன்னைக்கு என்ன திட்டினாங்க?” என்று கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டாள். அவளுடைய ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

சொன்னார். அவளிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்வார். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கால் மணி நேரம் பிடித்தது.

“ஒரு தடவையாவது அவங்ககிட்ட அப்படியே சொல்லித் தொலைங்களேன்.”

“வாயில வரமாட்டேங்குதும்மா. அதுவும் இப்பவா? சண்டை சச்சரவு இல்லாம இருந்தாத்தானே நான் வேலை பார்க்கிறேன்னு அர்த்தம்?”

பேசிப் பேசி அவளுக்கு மூச்சு தீர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நிலைமை இன்னும் மோசமாயிற்று. மேலாளர் பொறியாளரை நடைபாதையில் நிறுத்தி, நாலு பேர் கேட்க, “கழிவுத் தொட்டி” என்றார். துபாஷி ஓடிப்போய், “ஆழமானவர்னு சொல்றார்,” என்றார். பொறியாளர் அதற்குச் சொன்ன பதிலில் மேலாளரின் தாத்தா வரை மூன்று தலைமுறை அடிபட்டது. “குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கிறார்,” என்றார் துபாஷி.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பதினெட்டு வருஷமாக வாரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த வசை, அதிகாரி வருகிற வாரம் பார்த்து மணிக்கு ஒன்றாகிவிட்டதே! இது தன்னை ஒழிக்கத்தான் என்று துபாஷி நினைத்தார்.

புதன்கிழமை மதியம், பொறியாளரும் மேலாளரும் ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்தார்கள். இருவரும் ஒன்றாக, நடுவில் துபாஷி இல்லாமல்! உள்ளே கைகலப்பே நடந்திருக்கும் என்று பயந்துபோய் அவர் ஸ்டோர் கீப்பர் அம்மாவிடம் ஓடினார்.

“சார், அவங்க உள்ள என்ன பண்ணாங்க தெரியுமா? அவங்க...”

“வேணாம்மா! சொல்லாதீங்க! காதுல விழுந்துட்டா நான் பதிவேட்டில எழுதணும்!” என்று காதைப் பொத்திக்கொண்டு படியேறிவிட்டார்.

மேலே பொறியாளர் காத்திருந்தார். துபாஷியின் தோளில் கை போட்டார். “நாளைக்கு நான் ரொம்ப மோசமாப் பேசுவேன். பயப்படாதே. நான் சொல்றதை அப்படியே சொல்லு. கெஞ்சிக் கேக்கிறேன்.”

துபாஷிக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும் என்று நேரே மேலாளரிடம் போனார். “சார், பொறியாளருக்கு ரத்தக் கொதிப்பு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவரை எதுவும் சொல்லாதீங்க.”

“நாளைக்குத்தான்யா சொல்லணும்!” என்று மேலாளர் கத்தினார்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர். ஒரு மூலையில் நோட்டை விரித்து உட்கார்ந்தார்.

மேலாளர் ஆரம்பித்தார். பொறியாளரை உதவாக்கரை என்றார். உளுத்துப்போன மரம் என்றார். அவர் பட்டம் வாங்கிய கல்லூரியை மாட்டுக் கொட்டகை என்றார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து வேகமாக எழுதினார். துபாஷி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அத்தனையையும் ரஷ்ய மொழியில் பிறந்தநாள் வாழ்த்தாக மாற்றிக் கொடுத்தார்.

பொறியாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு மேஜையை ஓங்கிக் குத்திவிட்டு, மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் திட்டினார். முடித்துவிட்டுத் துபாஷியைப் பார்த்தார். மேலாளரும் பார்த்தார். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே கெஞ்சல்.

துபாஷி மனைவியை நினைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மிக நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்க அறிவுரைக்கு ரொம்ப நன்றின்னு சொல்றார். இப்படி எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு அண்ணன் கிடைச்சாரேன்னு மனசு உருகிப் பேசறார்.”

மேலாளர் துள்ளி எழுந்தார். “யோவ், அவர் அப்படிச் சொல்லவே...” பாதியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அதிகாரி நோட்டை மூடினார். “இவர் இந்தப் பேச்சு பேசியும் அவர் நன்றிங்கிறார். பதிவேட்டிலயும் பதினெட்டு வருஷமா ஒரு வசை இல்லை. இவ்வளவு ஒத்துமையா இருக்கிறவங்க நடுவில ஒரு ஆள் எதுக்கு? மாசக் கடைசியோட போதும்.”

துபாஷி மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அவர் மொழிபெயர்க்காமலே, பொறியாளர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மாசக் கடைசியில் துபாஷி மேஜைச் சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைக்க ஸ்டோர் ரூமுக்குப் போனார். வீட்டில் பாதி சாமான் கட்டியாயிற்று. டாக்டர் முந்தின நாள் கடைசியாக வந்து, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே போய்விட்டார்.

“நான் என்னம்மா தப்பு பண்ணேன்?” என்றார் துபாஷி. “ஒரு கெட்ட வார்த்தை அந்தப் பக்கம் போக விட்டிருப்பேனா? கடைசி நேரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து என் வயித்துல அடிச்சிட்டாங்களே.”

ஸ்டோர் கீப்பர் அம்மா பதிவேட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். பூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் காதைப் பொத்திக்கிட்டீங்க சார். சண்டையைப் பார்த்தாத்தான் துபாஷி வேணும்பாங்க, உங்க வேலை தப்பிக்கும்னு, மேனேஜர் ரஷ்யன்லயும் இன்ஜினியர் இங்கிலீஷ்லயும், தன்னை எப்படித் திட்டணும்னு ஒருத்தருக்கொருத்தர் இங்க உக்காந்துதான் எழுதிக் குடுத்துக்கிட்டாங்க.”